டாலர்–ரூபாய் பழைய ரேட்: ஒரே தேதிக்கு நாலு எண் வருகிறது, எதை எடுப்பது?

ஜெயநகர்_லெட்ஜர் (கேள்வி)

வணக்கம். ஜெயநகரில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு வேலை. கிளையன்ட்டுகளில் பாதிக்கு மேல் ஒயிட்ஃபீல்டு, எலெக்ட்ரானிக் சிட்டிப் பக்கம் அமெரிக்கக் கம்பெனிகளில் இருப்பவர்கள். ஆர்எஸ்யூ (கம்பெனி தன் ஊழியருக்குச் சம்பளத்தோடு தரும் ஷேர்), டிவிடெண்ட், ப்ரோக்கர் கணக்கில் கிடக்கும் பணம் எல்லாமே டாலரில். ஒவ்வொரு ரிட்டர்னுக்கும் தேதிவாரியாக ரேட் தேடுவதற்குப் பதில் ஒரே எக்செல் ஷீட்டாகக் கட்டிவிடலாம் என்று உட்கார்ந்தால், ஆளுக்கொரு எண் சொல்கிறார்கள்.

உதாரணத்துக்கு 2024 மார்ச் 31. ரிசர்வ் வங்கியின் பட்டியலில் அந்தத் தேதியே கிடையாது. 28ஆம் தேதிக்கு 83.37 என்று இருக்கிறது. கூகுள் வேறு தருகிறது. ப்ரோக்கர் ஸ்டேட்மென்டில் இன்னொன்று. கிளையன்ட்டின் பேங்க் அட்வைஸைப் பார்த்தால் எல்லாவற்றையும்விடக் குறைவு.

என் சந்தேகங்கள்:

1. 2024-25 நிதியாண்டு ரிட்டர்னுக்கு எந்த ரேட், எந்தத் தேதியின் ரேட்? ஒரு ஆர்எஸ்யூ கேஸ்: 2023 மே 15 வெஸ்டிங் (ஷேர் கைக்கு வந்த நாள்), 2024 ஆகஸ்ட் 20 விற்பனை.
2. லீவு நாளாக இருந்தால் முந்தைய நாளா, அடுத்த நாளா?
3. ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்துகளைக் காட்டும் ஷெட்யூல் எஃப்ஏ-வுக்கும் இதே ரேட்தானா?
4. ஷீட்டைப் பின்னோக்கி 1947 வரை நீட்டி ஒரு சார்ட் போடச் சொல்கிறார் சீனியர். சுதந்திரம் வந்தபோது ஒரு டாலர் ஒரு ரூபாய்தான், அங்கிருந்து ஆரம்பி என்கிறார். அது சரியா? நம்பகமான தொடர் எங்கே கிடைக்கும்?


மல்லேஸ்வரம்_ஆடிட்டர்

முதல் மூன்றுக்கு நான் சொல்கிறேன். வரலாற்றுக்கு வேறு யாராவது வருவார்கள்.

வருமான வரிக்கு ரிசர்வ் வங்கி ரேட்டும் வேண்டாம், கூகுள் ரேட்டும் வேண்டாம். உங்கள் 2024-25 ரிட்டர்னுக்குப் பொருந்தும் 1962 வருமான வரி விதிகளில் விதி 115 தெளிவாகச் சொல்லிவிட்டது: ஸ்டேட் பேங்க் ஆஃப் இந்தியாவின் டிடி (டெலிகிராஃபிக் டிரான்ஸ்ஃபர்) பையிங் ரேட். வெளிநாட்டிலிருந்து தந்திவழியில் வரும் டாலரை எஸ்பிஐ என்ன விலைக்கு வாங்கிக்கொள்கிறதோ அந்த விலை. அதனால்தான் மற்ற எல்லா எண்ணையும்விட அது குறைவாக இருக்கிறது. சந்தையின் நடுவிலையிலிருந்து பேங்க் தன் லாபத்தைக் கழித்துக்கொண்டு சொல்வது அது. வித்தியாசம் பல நாட்களில் அரை ரூபாய்க்குப் பக்கத்தில் வரும். 10,000 டாலருக்கு 40 பைசா என்றாலே 4,000 ரூபாய்.

தேதி வருமானத்தின் வகையைப் பொறுத்து மாறும். இங்கேதான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள்.

சம்பளம்: சம்பளம் சேரவேண்டிய மாதத்துக்கு முந்தைய மாதத்தின் கடைசி நாள். அட்வான்ஸாகவோ அரியராகவோ வந்தால் அது வந்த மாதத்துக்கு முந்தைய மாதத்தின் கடைசி நாள்.

டிவிடெண்ட்: அறிவித்த, பகிர்ந்த அல்லது கொடுத்த மாதத்துக்கு முந்தைய மாதத்தின் கடைசி நாள்.

மூலதன ஆதாயம்: சொத்து கைமாறிய மாதத்துக்கு முந்தைய மாதத்தின் கடைசி நாள். உங்கள் கேஸில் விற்றது ஆகஸ்ட் 20; ஆகவே 2024 ஜூலை 31இன் ரேட். ஆகஸ்ட் 20இன் ரேட் அல்ல.

பிசினஸ், வீட்டு வாடகை, வெளிநாட்டு சேவிங்ஸ் வட்டி போன்றவை: நிதியாண்டின் கடைசி நாள், அதாவது மார்ச் 31. ஆனால் அந்தப் பணம் முறைப்படி மார்ச் 31க்கு முன்பே இந்தியாவுக்கு வந்துவிட்டால், பேங்க் வரவு வைத்த ரூபாயே கணக்கு.

இப்போது உங்கள் கேஸ். எண்கள் கணக்குக்காக வைத்தவை. உண்மையான ரேட்டை எஸ்பிஐ தாளில் பார்த்துப் போடுங்கள். 40 ஷேர், வெஸ்டிங் அன்று ஒன்று 120 டாலர், விற்றது 150 டாலருக்கு. ஜூலை 31 ரேட் 83.30 என்று கொள்வோம்.

விற்பனை: 40 × 150 = 6,000 டாலர். அதை 83.30ஆல் பெருக்கினால் 4,99,800 ரூபாய்.

வாங்கிய விலைக்கு டாலர் ரேட்டே தேடாதீர்கள். வெஸ்டிங்போது பெர்க்விசிட் (சம்பளத்தோடு கிடைக்கும் சலுகை) என்று சம்பளத்தில் சேர்த்து வரி பிடித்த நியாய சந்தை மதிப்புதான் ஆர்எஸ்யூவின் அடக்க விலை, பிரிவு 49(2ஏஏ). அது ஏற்கெனவே ரூபாயில், கம்பெனி கொடுத்த ஃபார்ம் 12பிஏ-விலும் பெர்க்விசிட் ஸ்டேட்மென்டிலும் இருக்கும். ஷேருக்கு 9,840 ரூபாய் என்று இருந்தால் 40 × 9,840 = 3,93,600. ஆதாயம் 1,06,200 ரூபாய். 24 மாதம் ஆகாததால் குறுகிய காலம், ஸ்லாப் ரேட்டில் வரி.

அந்த 9,840 உங்கள் கணக்கோடு ஒத்துப்போகவில்லை என்றால் பதறவேண்டாம். அமெரிக்கச் சந்தையில் லிஸ்ட் ஆன ஷேரும் இந்திய விதிப்படி லிஸ்ட் ஆகாததுதான், மதிப்பை மெர்ச்சன்ட் பேங்கர் சான்றளிக்கவேண்டும்; அந்தச் சான்று 180 நாள் வரை பழையதாக இருக்கலாம். டிடிஎஸ் பிடிக்கும்போது கம்பெனி விதி 26ஐப் பின்பற்றும். அதில் வரி பிடிக்கவேண்டிய நாளின் ரேட். இந்த இரண்டாலும் எண் நகரும். கம்பெனி காட்டிய ரூபாயை மாற்றாதீர்கள். எதன் மேல் வரி கட்டினாரோ அதுதான் அடக்கம்.

லீவு நாள்: விதியில் இதற்கு வழி சொல்லவில்லை. நடைமுறையில் முந்தைய வேலை நாளின் எஸ்பிஐ தாள். எல்லா கிளையன்ட்டுக்கும், எல்லா வருஷத்துக்கும் அதே வழக்கம். ஒரு வருஷம் முந்தைய நாள், அடுத்த வருஷம் லாபமாக இருக்கிறதென்று அடுத்த நாள் என்று தாவினால் கேள்வி வரும்போது பதில் இருக்காது.

ஷெட்யூல் எஃப்ஏ தனி உலகம். அங்கே "முந்தைய மாதக் கடைசி நாள்" கிடையாது. முதலீடு செய்த நாள், உச்ச மதிப்பு இருந்த நாள், முடிவு நாள் என்று அந்தந்த நாளின் டிடி பையிங் ரேட். காலமும் நிதியாண்டு அல்ல, காலண்டர் ஆண்டு: 2024-25 ரிட்டர்னுக்கு 2024 ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை. ஆக, அந்த ஆகஸ்ட் 20 விற்பனை மூலதன ஆதாயப் பக்கத்தில் ஜூலை 31 ரேட்டிலும், எஃப்ஏ-வில் விற்பனை நாள் ரேட்டிலும் நிற்கும். இரண்டு ரூபாய்த் தொகையும் ஒத்துப்போகாது, ஒத்துப்போகவேண்டியதும் இல்லை. பக்கத்தில் ஒரு வரி குறிப்பு எழுதி ஃபைலில் வையுங்கள்.

எஃப்ஏ-வில் காட்டாமல் விட்டால் கருப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் அபராதம். 2024 அக்டோபர் 1 முதல், அசையாச் சொத்து நீங்கலாக மொத்தம் 20 லட்சத்தைத் தாண்டாவிட்டால் அந்த அபராதம் இல்லை. அபராதம் இல்லை என்பதற்காகக் காட்டவேண்டாம் என்று அர்த்தம் இல்லை.


எக்செல்_சித்தர்

ஆடிட்டர் சார் சொன்ன எஸ்பிஐ ரேட்டைப் பழைய தேதிக்கு எடுப்பதுதான் உண்மையான தலைவலி. எஸ்பிஐ தினமும் ஃபாரெக்ஸ் கார்டு ரேட்ஸ் என்று ஒரு பிடிஎஃப் போடும். மறுநாள் அதே முகவரியில் புதிய தாள் வந்து உட்கார்ந்துவிடும். போன வருஷத்துத் தாளைத் தேடி அங்கே போய்ப் பயனில்லை. இரண்டு வழி. ஒன்று, மாதக் கடைசி வேலை நாள்தோறும் ஆபீஸில் ஒருவர் இறக்கி, தேதியைப் பெயராக வைத்துச் சேமிப்பது. இரண்டு, தினமும் இந்தப் பிடிஎஃபைத் தானாக இறக்கிச் சேர்த்துவைக்கும் பொதுத் தொகுப்பு கிட்ஹப்பில் இருக்கிறது, அதிலிருந்து எடுப்பது. அப்படி எடுத்தால் பட்டியலில் உள்ள எண்ணை மட்டும் நம்பாமல், அந்த நாளின் பிடிஎஃபையும் திறந்து ஒப்பிட்டு ஃபைலில் வையுங்கள். நோட்டீஸ் வந்தால் காட்டவேண்டியது தாளைத்தான்.

தாளைத் திறந்ததும் எட்டுப் பத்திகள் இருக்கும்: டிடி பை, டிடி செல், பில் பை, பில் செல், டிராவல் கார்டு பை, செல், கரன்சி நோட் பை, செல். உங்களுக்கு வேண்டியது டாலர் வரியில் முதல் பத்தி. கரன்சி நோட் பத்தியை எடுத்துவிடுபவர்கள் நிறைய. அது கையில் நோட்டாகக் கொண்டுபோனால் கிடைக்கும் விலை, இன்னும் குறைவு. ஒரே நாளில் இரண்டு தாள் வந்திருந்தால் எந்த நேரத்துத் தாள் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இனி மற்ற எண்கள் ஏன் வேறுபடுகின்றன என்பது.

ரிசர்வ் வங்கிக் குறிப்பு விகிதம்: 2018 ஜூலை 9 வரை ரிசர்வ் வங்கியே கணக்கிட்டது. ஜூலை 10 முதல் எஃப்பிஐஎல் என்ற அமைப்பு. காலை 11.30 முதல் 12.30 வரையிலான ஒரு மணி நேரத்துக்குள் ஏதோ ஒரு 15 நிமிடத்தைக் குலுக்கலாகத் தேர்ந்து, அதில் நடந்த டாலர் வியாபாரங்களின் சராசரியை எடுப்பார்கள். வாங்கும் விலையும் இல்லை, விற்கும் விலையும் இல்லை. மதியத்துக்கு மேல் ரூபாய் சரிந்தால் அது இதில் வராது. கம்பெனிக் கணக்கு மூடல், ஒப்பந்தங்களுக்கு இது நல்லது.

ஃப்ரெட் எனப்படும் செயின்ட் லூயிஸ் ஃபெடரல் ரிசர்வ் தளம்: தினசரித் தொடர் 1973 ஜனவரி முதல் இருக்கிறது. நியூயார்க் நண்பகல் வாங்கும் விலை. நம் நேரத்துக்கு அது இரவு 9.30 அல்லது 10.30. நமக்குத் தீபாவளி லீவாக இருந்தாலும் அங்கே எண் இருக்கும். அவர்கள் லீவில் காலியாக இருக்கும். அந்தக் காலி இடத்தை எக்செல் பூஜ்ஜியமாக எடுத்துக்கொண்டால் சராசரி பாதாளத்துக்குப் போய்விடும்.

கூகுள்: நடுவிலை. கூகுள் ஷீட்டில் அதன் ஃபார்முலா பழைய தேதிக்கு 23.58 மணி என்று நேரத்தோடு சேர்த்து எண் தரும். அந்த நேரப் பகுதியை வெட்டாமல் தேதியோடு ஒப்பிட்டால் எதுவும் பொருந்தாது. சனி, ஞாயிறுக்கும் ஏதாவது ஒரு எண் வரும். சார்ட் போட நல்லது, ரிட்டர்னுக்கு ஆகாது.

ஷீட் கட்டும் முறை. மூன்று பத்திகள் போதும்: தேதி, ரேட், மூலம். மூலம் என்ற பத்தி இல்லாத ஷீட் ஆறு மாதத்தில் குப்பை; எந்த எண் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. எஸ்பிஐ ஒரு டேப், எஃப்பிஐஎல் இன்னொரு டேப். ஒரே டேபில் கலக்காதீர்கள்.

லீவு நாளுக்குக் கையால் நிரப்பவேண்டாம். தேதிகளை ஏறுவரிசையில் வைத்துவிட்டு, வீலுக்அப் போடும்போது கடைசி இடத்தில் ஃபால்ஸ் அல்ல, ட்ரூ. தேடும் தேதி பட்டியலில் இல்லையென்றால் அதற்கு முந்தைய தேதியின் ரேட் தானாக வரும். சார் சொன்ன வழக்கம் அப்படியே கிடைக்கும். 2024 மார்ச் 31 ஞாயிறு, 29 பெரிய வெள்ளி, அதனால் எஃப்பிஐஎல் டேபில் 28இன் 83.37 வந்து நிற்கும். 2025 மார்ச் 31 ரம்ஜான். அங்கே 28இன் 85.58. எஸ்பிஐ டேபில் சனிக்கிழமைத் தாள் இருந்தால் அதுதான் வரவேண்டும், இரண்டு டேபும் ஒரே நாளைக் காட்டாமல் போகலாம். வரிசை குலைந்தால் மட்டும் இந்த வித்தை சத்தமில்லாமல் தவறான எண் தரும். புதிய வரிகளை ஒட்டியதும் மறுபடி வரிசைப்படுத்துங்கள்.

அதைவிட மோசமானது தேதி வடிவம். இறக்கிய ஃபைலில் 05/06/2023 என்று இருக்கும். அது ஜூன் 5. அமெரிக்க அமைப்பில் உள்ள லேப்டாப் அதை மே 6 ஆக்கிவிடும். 13ஆம் தேதி முதல் உள்ளவை எழுத்தாகவே தங்கிவிடும். செல்லில் இருப்பது எண்தானா என்று சொல்லும் இஸ்நம்பர் ஃபார்முலாவைப் போட்டுப் பாருங்கள். ஒரு மாதத்தில் முதல் 12 நாள் ட்ரூ, மீதி ஃபால்ஸ் என்று வந்தால் இதுதான் நோய். ஃபைலை அழித்துவிட்டு, இம்போர்ட் செய்யும்போதே நாள்–மாதம்–ஆண்டு என்று சொல்லி மறுபடி ஏற்றுங்கள். தனித்தனியாகத் திருத்த உட்காராதீர்கள்.


ஜெயநகர்_லெட்ஜர்

இருவருக்கும் நன்றி. ஆடிட்டர் சார், ஒரு சந்தேகம். சிலர் ஆதாயத்தை டாலரிலேயே கணக்கிட்டு, வந்ததை ஒரே ரேட்டால் பெருக்குகிறார்கள். விதி 115 "வருமானத்தை" மாற்றுவதைப் பற்றித்தானே சொல்கிறது, விலையை மாற்றுவதைப் பற்றி இல்லையே என்கிறார்கள்.


மல்லேஸ்வரம்_ஆடிட்டர்

அந்த வாதம் இருக்கிறது, முட்டாள்தனமான வாதமும் இல்லை. அப்படிப் போட்டால் உங்கள் கேஸில் 30 டாலர் × 40 = 1,200 டாலர், 83.30ஆல் பெருக்க 99,960 ரூபாய். நான் போட்டது 1,06,200. நடுவில் உள்ள 6,240 ரூபாய் ஷேர் ஏறியதால் வந்ததல்ல. அடக்கம் ரூபாயில் நின்றபோது டாலருக்கு 82.00, விற்றபோது 83.30. 4,800 டாலர் × 1.30.

ஆர்எஸ்யூ விஷயத்தில் நான் இரண்டாவது வழியை எடுக்கமாட்டேன். அடக்க விலையைச் சட்டமே ரூபாயில் கையில் கொடுத்திருக்கும்போது அதை மறுபடி டாலராக்குவதற்கு என்ன ஆதாரம்? சொந்தப் பணத்தில் வெளிநாட்டு ஷேர் வாங்கியவருக்கும் இதே கதைதான். எல்ஆர்எஸ் (தனிநபர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி அனுமதிக்கும் திட்டம்) வழியாக அனுப்பியபோது பேங்க் எத்தனை ரூபாய் பிடித்ததோ அதுதான் அவர் செலவு.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். விதி 115ஏ என்று ஒன்று, டிடி பையிங், டிடி செல்லிங் இரண்டின் சராசரியைச் சொல்லும். அது இந்தியக் கம்பெனி ஷேரை அந்நியச் செலாவணியில் வாங்கிய வெளிநாடு வாழ்பவருக்கு. பெங்களூரில் உட்கார்ந்து அமெரிக்க ஷேர் விற்பவருக்கு அதற்கும் சம்பந்தமில்லை.

டிவிடெண்டில் ஒரு பொறி. அமெரிக்காவில் 25 சதவீதம் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். வருமானமாகக் காட்டவேண்டியது பிடிக்கும் முன் உள்ள முழுத்தொகை. பிடித்த வரிக்கு ஃபார்ம் 67 போட்டுக் கிரெடிட் கேட்கும்போது விதி 128: வரி பிடித்த மாதத்துக்கு முந்தைய மாதத்தின் கடைசி நாள் ரேட். நவம்பரில் அறிவித்து டிசம்பரில் கொடுத்த டிவிடெண்டுக்கு, அறிவித்த மாதத்தை எடுப்பவர் வருமானத்தை அக்டோபர் 31 ரேட்டிலும் வரியை நவம்பர் 30 ரேட்டிலும் மாற்றவேண்டிவரும். அதனால் கிரெடிட் தொகை ரூபாயில் சரியாக 25 சதவீதமாக வராது. வரவைக்க முயலவேண்டாம்.


பழைய_நோட்டு

நாலாவது கேள்விக்கு வருகிறேன். சீனியர் சொன்னது வாட்ஸ்அப் வரலாறு. 1947இல் ஒரு டாலர் ஒரு ரூபாய் இல்லை, சுமார் 3 ரூபாய் 31 காசு. யாரையும் நம்பாமல் நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

ரூபாய் அப்போது டாலரோடு அல்ல, பவுண்டோடு கட்டப்பட்டிருந்தது. 1927 முதல் ஒரு ரூபாய்க்கு 1 ஷில்லிங் 6 பென்ஸ். ஷில்லிங்குக்கு 12 பென்ஸ், ஆக 18 பென்ஸ். பவுண்டுக்கு 240 பென்ஸ். 240ஐ 18ஆல் வகுத்தால் ஒரு பவுண்டு 13.3333 ரூபாய். பவுண்டு 4.03 டாலர். 13.3333 ÷ 4.03 = 3.3085. சர்வதேச நிதியத்தில் 1946இல் இந்தியா பதிந்த சம மதிப்பும் ரூபாய்க்கு 30.225 அமெரிக்க சென்ட். 100ஐ அதால் வகுத்தாலும் அதே 3.3085. ஒன்றுக்கு ஒன்று என்பது எந்த வழியிலும் வராது.

அதன்பின் படிக்கட்டு இப்படி:

1949 செப்டம்பர்: பவுண்டு 2.80 டாலருக்கு இறங்கியது. ரூபாயும் கூடவே இறங்கியது. பவுண்டு 13.33 ரூபாயாகவே இருக்க, டாலர் மட்டும் 4.7619 ஆனது.

1966 ஜூன் 6: டாலர் 7.50, பவுண்டு 21. இந்த மதிப்புக் குறைப்பை ஒரு புத்தகம் 36.5 சதவீதம் என்கும், இன்னொன்று 57.5 என்கும். இரண்டும் சரி. ரூபாயின் மதிப்பு டாலர் கணக்கில் 21 சென்டிலிருந்து 13.33 சென்ட் ஆனது, 36.5 சதவீத இறக்கம். டாலரின் விலை ரூபாய்க் கணக்கில் 4.76இலிருந்து 7.50, 57.5 சதவீத ஏற்றம். சார்ட்டில் குறிப்பு போடும்போது எதை எழுதுகிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள்.

1967 நவம்பர்: பவுண்டு 2.40 டாலருக்கு இறங்கியது. இந்த முறை ரூபாய் பின்னால் போகவில்லை. டாலர் 7.50 அப்படியே, பவுண்டு 18 ரூபாய். பவுண்டுத் தொடரை வைத்து டாலரைக் கணக்கிடும் ஆட்கள் இந்த இடத்தில் தவறுவார்கள்.

1971: ஆகஸ்டில் டாலரின் தங்கப் பிடி விட்டது. டிசம்பரில் ரூபாயை மறுபடி பவுண்டோடு 18.9677 என்று கட்டினார்கள். பவுண்டு 2.6057 டாலர் என்பதால் டாலர் சுமார் 7.28. ஆம், குறைந்தது. சார்ட்டில் அந்தச் சின்னப் பள்ளம் பிழை அல்ல, அழித்துவிடாதீர்கள்.

1975 செப்டம்பர் 25: பவுண்டை விட்டுப் பல நாணயங்களின் கூடையோடு கட்டினார்கள். ஆனால் ரிசர்வ் வங்கி முக்கியமாக வாங்கி விற்ற நாணயம் பவுண்டுதான்; 1992 மார்ச்சில்தான் அந்த இடத்துக்கு டாலர் வந்தது. இடைப்பட்ட காலத்தில் டாலர் விலை பவுண்டு வழியாகக் கணக்கிட்டது என்பதால், இரண்டு மூலங்களுக்கு நடுவே சில காசு வித்தியாசம் வந்தால் ஆச்சரியப்படவேண்டாம்.

1991 ஜூலை 1, 3: இரண்டே தாவல். டாலர் சுமார் 21இலிருந்து சுமார் 26க்குப் போனது. ஆண்டுச் சராசரியில் இது மென்மையான சரிவாகத் தெரியும். உண்மையில் அது ஒரு செங்குத்துச் சுவர். 1991ஐ மட்டுமாவது மாத வாரியாகப் போடுங்கள்.

இனி எல்லோரும் தடுக்கி விழும் இடம்: 1992 மார்ச் முதல் 1993 பிப்ரவரி வரை. அந்த ஒரு வருஷத்தில் இந்தியாவில் ஒரே நாளில் இரண்டு அதிகாரபூர்வ டாலர் விலை இருந்தது. எல்இஆர்எம்எஸ் என்று பெயர். ஏற்றுமதியாளர் கொண்டுவரும் டாலரில் 40 சதவீதத்தை அதிகாரபூர்வ விலைக்கு, சுமார் 25.89க்கு, கொடுத்துவிடவேண்டும், கச்சா எண்ணெய், உரம் போன்ற இறக்குமதிக்கு அது போகும். மீதி 60 சதவீதத்தைச் சந்தை விலைக்கு விற்றுக்கொள்ளலாம். சந்தை விலை 30 என்று வைத்தால், 0.4 × 25.89 + 0.6 × 30 = 28.36. அதுதான் அவர் கைக்கு உண்மையில் வந்த விலை.

இதனால் 1992க்கு மூன்று எண்கள் உலவுகின்றன. உலக வங்கியின் தொடர் 25.92 என்று காட்டும்; அது அதிகாரபூர்வ விலை. அடுத்த வருஷமே 30.49. பார்ப்பவர் 1993இல் ஏதோ பெரிய வீழ்ச்சி என்று நினைத்துக்கொள்வார். 1993 மார்ச்சில் நடந்தது வீழ்ச்சி அல்ல. இரண்டு விலையைச் சந்தை விலையில் ஒன்றாக்கினார்கள். ரிசர்வ் வங்கியின் புள்ளிவிவர ஹேண்ட்புக்கில் 1993-94 சராசரி 31.37. 1992 மார்ச் முதலே சந்தை விலையைப் போட்டு, கீழே ஒரு குறிப்பு எழுதுவதுதான் நேர்மையான சார்ட் என்பது என் கருத்து.

பழைய பேங்க் தாளோ செய்தித்தாளோ கையில் கிடைத்தால் இன்னொன்றைக் கவனியுங்கள். 1993 ஆகஸ்ட் 2க்கு முன் பேங்குகள் தலைகீழாகத்தான் விலை சொல்லும்: 100 ரூபாய்க்கு எத்தனை டாலர் என்று. "3.1875" என்று இருந்தால் டாலர் மூன்று ரூபாய் என்று பொருள் இல்லை, 100 ÷ 3.1875 = 31.37. அந்த முறையில் எண் குறைந்தால் ரூபாய் பலவீனமாகிறது. மாதச் சராசரி வேண்டுமானால் ஒவ்வொரு நாளையும் முதலில் திருப்பிவிட்டுப் பிறகு சராசரி எடுங்கள். சராசரி எடுத்துவிட்டுத் திருப்பினால் எண் கொஞ்சம் குறைவாக வரும். விலை அதிகம் ஆடிய மாதத்தில் அது கண்ணுக்கே தெரியும்.

மூலங்கள்: ஆண்டு, மாதத் தொடருக்கு ரிசர்வ் வங்கி ஹேண்ட்புக், அதே தரவு ரிசர்வ் வங்கியின் டிபிஐஇ தரவுத் தளத்தில் எக்செலாகவே கிடைக்கும். அதில் நிதியாண்டு அட்டவணை வேறு, காலண்டர் ஆண்டு அட்டவணை வேறு; ஆண்டுச் சராசரி வேறு, ஆண்டு இறுதி வேறு. 1991 போன்ற வருஷத்தில் இவற்றைக் கலந்தால் சார்ட் கோமாளித்தனமாகிவிடும். 1960 முதல் ஆண்டுச் சராசரிக்கு உலக வங்கி போதும், 1992ஐ மட்டும் மேலே சொன்னபடி மாற்றி. 1947 முதல் 1971 வரை தரவுத்தளமே தேவையில்லை, படிக்கட்டை அப்படியே வரையலாம். சார்ட் வகையில் கோடு அல்லாமல் படி வடிவம் தேர்ந்தெடுங்கள். 1949க்கும் 1966க்கும் நடுவே சாய்வாகக் கோடு போனால் அது பொய்.


கப்பல்_பில்

ஒரு சின்னச் சேர்க்கை. அதே ஷீட்டை இறக்குமதி, ஜிஎஸ்டி வேலைக்கும் பயன்படுத்திவிடாதீர்கள். கஸ்டம்ஸுக்குத் தனி ரேட்: மாதத்தின் முதல், மூன்றாம் வியாழக்கிழமைகளில் அறிவிப்பார்கள், இறக்குமதிக்கு ஒன்று, ஏற்றுமதிக்கு ஒன்று. 2024 ஜூலை முதல் கஸ்டம்ஸின் ஐஸ்கேட் தளத்திலேயே வந்துவிடுகிறது. சரக்கு ஏற்றுமதிக்கு ஜிஎஸ்டி விதி 34 இந்தக் கஸ்டம்ஸ் ரேட்டைத்தான் கேட்கிறது. சர்வீஸ் என்றால் கணக்கியல் நெறிப்படி, சப்ளை நேரத்தின் தேதியில். கோரமங்கலாவில் சாஃப்ட்வேர் சர்வீஸ் பில் போடும் சின்னக் கம்பெனிகள் இன்வாய்ஸில் கஸ்டம்ஸ் ரேட்டைப் போட்டுவிட்டு, கணக்குப் புத்தகத்தில் எஃப்பிஐஎல் ரேட் வைத்துக்கொண்டு, ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனையைக் காட்டும் ஜிஎஸ்டி ரிட்டர்ன்) ஏன் புத்தகத்தோடு பொருந்தவில்லை என்று முழிப்பது இதனால்தான்.


ஜெயநகர்_லெட்ஜர்

கடைசியாக ஒன்று. ஒரு கிளையன்ட்டுக்குச் சிங்கப்பூர் டாலரிலும் ஜப்பான் யென்னிலும் கணக்கு இருக்கிறது. அதே முறைதானா?


எக்செல்_சித்தர்

முறை அதேதான். சிங்கப்பூர் டாலரை எஃப்பிஐஎல்லின் வழக்கமான பட்டியலில் தேடாதீர்கள். அமெரிக்க டாலர், பவுண்டு, யூரோ, யென் நான்குதான் ரிசர்வ் வங்கிக் காலத்திலிருந்து தொடர்ந்து வருபவை. எஸ்பிஐ தாளில் சிங்கப்பூர் டாலருக்கு நேரடியாகவே டிடி பை இருக்கிறது, அதை எடுங்கள். அமெரிக்க டாலர் வழியாகக் குறுக்குக் கணக்குப் போடவேண்டியதில்லை.

யென்னில் ஒரே ஒரு எச்சரிக்கை: எஸ்பிஐ தாளிலும் எஃப்பிஐஎல் பட்டியலிலும் அது 100 யென்னுக்கான விலை. 56 என்று இருந்தால் ஒரு யென் 56 காசு. ஷீட்டில் ஏற்றும்போதே 100ஆல் வகுத்துத் தனிப் பத்தியில் வையுங்கள். ஷெட்யூல் எஃப்ஏ-வில் 3 லட்சம் யென் சேவிங்ஸ் 1.68 கோடி ரூபாயாகப் பதிவாகி, டிபார்ட்மென்ட் மெயில் அனுப்பிய பிறகு திருத்துவதைவிட அது சுலபம்.